வயிற்று ஸ்கேன் நார்மல் என்றால் கருப்பைவாயும் நார்மலா?

செவ்வாய்பேட்டை வாசகி, 2024 நவம்பர் 11

எனக்கு 42 வயசு. வெள்ளைப்படுதல் அதிகமா இருக்குன்னு போன மாசம் ஸ்கேன் எடுத்தேன். யூட்ரஸ் நார்மல், ஓவரி நார்மல், செர்விக்ஸ் பல்க்கி, நபோத்தியன் சிஸ்ட்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் கருப்பைவாய் புற்றுநோய் டெஸ்டுக்கு வாங்கன்னு கூப்பிடறாங்க. ஸ்கேன்லயே எல்லாம் தெரிஞ்சிருக்குமே, மறுபடி எதுக்கு? எதிர்வீட்டு அக்கா வேற, சிஸ்ட் இருந்தா பின்னால கேன்சரா மாறிடும், கர்ப்பப்பையையே எடுத்துடுங்கறாங்க. எதை நம்பறது?

நவம்பர் 11, இரவு

ஸ்கேனில் தெரியாது. டெஸ்டுக்குப் போங்க. கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். இந்த மூன்று வரியை மட்டும் இன்றைக்கே படித்துவிடுங்கள்.

நவம்பர் 12

வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கும் அல்ட்ராசவுண்டாக இருந்தாலும், உள்ளே வைத்து எடுக்கும் டிவிஎஸ் ஸ்கேனாக இருந்தாலும், அது உறுப்பின் அளவையும் கட்டியையும் நீர்க்கொப்புளத்தையும்தான் காட்டும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கருப்பைவாயின் மேல்தோலில் நடக்கிறது. அந்தத் தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் சில செல்கள் குணம் மாறுவதை ஸ்கேன் மெஷின் பார்க்கவே முடியாது. ஸ்கேனில் தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிட்டால் அது கட்டி. அப்போது ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி வரும் முன்பே தேடிப் பார்ப்பது, என்ற கட்டமே தாண்டிப் போயிருக்கும்.

எம்ஆர்ஐ பற்றியும் கேட்பீர்கள். நோய் உறுதியான பிறகு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளக்க எம்ஆர்ஐ மிகவும் உதவும். 2018-ல் திருத்தப்பட்ட சர்வதேச நிலைப் பட்டியல், நோயின் நிலையைக் குறிக்க இந்தப் படங்களையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. நோய் இருக்கிறதா இல்லையா என்று தேட எம்ஆர்ஐ எடுப்பதில் பணம்தான் வீணாகும்.

கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓட்டும் ஒரு அம்மா, வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட்டை எல்லாம் மஞ்சப்பையில் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றில்கூடக் குறை இல்லை. கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுகிறது என்று வந்தபோது ஸ்பெகுலம் (யோனியை விரித்து உள்ளே பார்க்க உதவும் கருவி) வைத்துப் பார்த்தோம். வைத்ததுமே தெரிந்தது. அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் ஸ்பெகுலம் வைத்துப் பார்த்ததில்லை. நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலம் முழுக்க என்னை விடாமல் துரத்திய விஷயம் இதுதான்.

நபோத்தியன் சிஸ்ட் பற்றி: கருப்பைவாயில் சளி சுரக்கும் சின்னச் சுரப்பியின் வாய் அடைபட்டு, சளி உள்ளேயே தேங்கி நிற்கிறது. குழந்தை பெற்றவர்கள் பலருக்கு இருக்கும். புற்றுநோயாக மாறாது. ‘பல்க்கி’ என்றால் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு மேல் அர்த்தமில்லை. ரிப்போர்ட் எழுதுகிறவர் பார்த்ததை எழுதுகிறார். அதை வைத்துக்கொண்டு பயமுறுத்துவது வேறு யாரோ.

நவம்பர் 14

“அப்ப எப்படித்தான் பாப்பீங்க?” என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணால் பார்ப்போம். கருப்பைவாய் உடம்புக்குள் இருந்தாலும் வெளிச்சம் போட்டால் நேராகப் பார்த்துவிடக்கூடிய இடம். அரசு ஆஸ்பத்திரியில் வியா, விலி என்று சொல்வது இதைத்தான்.

படுக்கச் சொல்லி ஸ்பெகுலம் வைப்போம். குளிர்காலத்தில் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும், ஏற்காடு மலையில் கட்டாயம். சில்லென்று பட்டால் உடம்பு இறுகிவிடும், அப்புறம் வலிக்கும். முதலில் எதுவும் தடவாமல் ஒரு பார்வை. பிறகு பஞ்சில் 5 சதவீத அசிட்டிக் ஆசிட் நனைத்து கருப்பைவாய் முழுவதும் படும்படி வைத்து ஒரு நிமிஷம் காத்திருப்போம். இந்த ஒரு நிமிஷத்தைக் குறைக்கக் கூடாது. அவசரப்பட்டு இருபது விநாடியில் பஞ்சை எடுத்தால் வெண்மை வந்திருக்காது, ‘நார்மல்’ என்று எழுதிவிடுவோம். நான் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுப்பேன்.

மாறத் தொடங்கிய செல்களில் கரு பெரிது, புரதம் அடர்த்தி. ஆசிட் பட்டதும், சூடு பட்ட முட்டை வெள்ளைக்கரு போல அந்தப் புரதம் திரண்டு, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்த இடம் மட்டும் வெள்ளையாக எழும்பும். சாதாரணத் தோலில் வரும் மங்கலான வெண்மை சீக்கிரம் போய்விடும். கெட்டியாக, விளிம்பு தெளிவாக, கருப்பைவாயின் வெளித்தோலும் உள்கால்வாய்த் தோலும் சந்திக்கும் கோட்டை ஒட்டி நிற்கும் வெள்ளைதான் நாங்கள் தேடுவது.

இதுவரை சொன்னது வியா. அடுத்து லூகால் அயோடின், அதுதான் விலி. ஆரோக்கியமான தோலில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பதால் அயோடினை உறிஞ்சி அடர்பழுப்பாகும். மாறிய இடம் கடுகு மஞ்சளாகவே நிற்கும். வியன்னாவைச் சேர்ந்த வால்ட்டர் ஷில்லர் 1920-களின் கடைசியில் கண்டது. இன்றும் அதே புட்டிதான் டிராலியில் இருக்கிறது.

நவம்பர் 15

“ஊறுகாய்க்கு ஊத்துற வினிகரா சிஸ்டர்?” என்று கேட்டுச் சிரிக்காத கேம்ப் கிடையாது. வீட்டு வினிகரிலும் அசிட்டிக் ஆசிட்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் யாரும் எதையும் உள்ளே ஊற்றிக் கழுவ வேண்டாம். நாங்கள் 5 மில்லி கிளேஷியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் ஆசிட்டை 95 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து அன்றன்றைக்குத் தயாரிப்போம். கலக்காத கிளேஷியல் ஆசிட் பட்டால் தோல் வெந்துவிடும். அந்தப் பாட்டிலைத் தனியாக, லேபிள் ஒட்டிப் பூட்டி வைக்க வேண்டும்.

நவம்பர் 19

வியாவில் வெள்ளை தெரிந்தால் கேன்சர் என்று அர்த்தமில்லை. கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். அஸ்தம்பட்டி சகோதரி ஒருவர் “உள்ளே டியூப் விடுவாங்களா, மயக்க மருந்து உண்டா?” என்று கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை. கால்போஸ்கோப் உடம்புக்குள் போகாது. வெளியே ஓர் அடி தள்ளி ஸ்டாண்டில் நிற்கும் பூதக்கண்ணாடி அது, நல்ல விளக்கோடு. உள்ளே இருப்பது அதே ஸ்பெகுலம்தான். ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்செல்மான் 1925-ல் முதல் கருவியைச் செய்தார். நூறு வருஷத்தில் கேமராவும் திரையும் சேர்ந்திருக்கின்றன, பார்க்கும் முறை பெரிதாக மாறவில்லை.

பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் உப்புத் தண்ணீரால் துடைத்து, பச்சை ஃபில்டரைப் போடுவார்கள். பச்சை வெளிச்சத்தில் சிவப்பு ரத்தக்குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அப்போதுதான் புள்ளி புள்ளியாகவோ, தரை ஓடு பதித்தது மாதிரிக் கட்டம் கட்டமாகவோ குழாய்கள் ஓடியிருப்பது கண்ணில் படும். ஆசிட்டை முதலில் தடவிவிட்டால் வெண்மையில் அந்தக் கோடுகள் மங்கிவிடும். அதனால் குழாய், பிறகு ஆசிட், கடைசியில் அயோடின்.

பார்த்ததை மார்க்காகவும் போடலாம். ஸ்வீட் ஸ்கோர் என்று பெயர். வெண்மை, விளிம்பு, ரத்தக்குழாய், அளவு, அயோடின் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2, மொத்தம் 10. எட்டும் அதற்கு மேலும் வந்தால் முற்றிய மாற்றம் என்று பெரும்பாலும் நம்பலாம். இது எனக்குப் பிடித்த முறை. ‘ஏதோ கொஞ்சம் வெள்ளையா இருக்கு’ என்று எழுதுவதற்கும் ‘6’ என்று எழுதுவதற்கும் அடுத்த டாக்டருக்கு வித்தியாசம் உண்டு.

சந்தேகமான இடத்திலிருந்து அரிசி அளவு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். சுருக்கென்று ஒரு நொடி. ஓரிரு நாள் லேசாக ரத்தம் படும்.

நவம்பர் 24

கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி கேட்டது: “போன் கேமராலயே படம் எடுத்து ஏஐ வச்சுப் பாத்துடலாமே அக்கா, டாக்டர் எதுக்கு?”

நல்ல கேள்வி தம்பி, யோசனையும் புதுசல்ல. 1981-லேயே அடோல்ஃப் ஸ்டாஃபல் என்பவர் கருப்பைவாயைப் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2019-ல் அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவன ஆராய்ச்சியாளர்கள், கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே பகுதியில் 1990-களில் பதிவு செய்யப்பட்ட 9,400-க்கும் மேற்பட்ட பெண்களின் அந்த வகைப் படங்களைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, அது மனிதக் கண்ணைவிட நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்று காட்டினார்கள். பெரிய செய்தியாக வந்தது. ஆனால் ஒரு கேமராவின் படத்தில் பழகிய புரோகிராம் இன்னொரு கேமராவின் படத்தில் தடுமாறுகிறது என்பது பிறகு தெரிந்தது.

அது ஏன் என்று கேம்பில் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஈரமான தோலில் ஃபிளாஷ் பட்டால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். நாம் தேடுவதும் வெள்ளை! ஆட்டோஃபோகஸ், பளபளக்கும் ஸ்பெகுலம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கும் கருப்பைவாயைக் கலங்கடித்துவிடும். சளியைச் சரியாகத் துடைக்கவில்லை என்றால் அதுவும் வெள்ளை. ஒரு நிமிஷம் ஆனதா என்பது படத்தில் தெரியாது. கையடக்க கால்போஸ்கோப்புகள் இப்போது இந்தியாவிலும் புழக்கத்தில் இருக்கின்றன, அவற்றில் விளக்கும் லென்ஸும் இதற்கென்றே அமைந்தவை. வெறும் போனைவிட அது எவ்வளவோ மேல். நீ இதில் வேலை செய்ய ஆசைப்பட்டால் முதலில் கலங்கிய படத்தை ‘மறுபடி எடு’ என்று நர்ஸுக்கு அங்கேயே சொல்லும் புரோகிராமை எழுது. அது இன்றைக்கே உதவும்.

நவம்பர் 25

நேற்று எழுத விட்டது. படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். பெயர், முகம் எதுவும் படத்தில் வராது, இன்னாருக்குத்தான் போகும் என்று சொல்ல வேண்டும். சொந்த போனில் எடுக்கவே கூடாது, வாட்ஸ்அப்பில் சுற்ற விடவும் கூடாது. “போட்டோ வேண்டாங்க” என்று ஒரு பெண் சொன்னால் கண்ணால் மட்டும் பார்த்து, காகிதத்தில் கடிகார முகம் வரைந்து ‘11 மணியிலிருந்து 2 மணி வரை வெண்மை’ என்று குறித்தால் போதும். காலகாலமாக அப்படித்தான் செய்தோம்.

டிசம்பர் 3

ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார்: “வியாவையே தூக்கிப் பிடிக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை முதல் தேர்வாகச் சொல்லிவிட்டது.”

சரியான பேச்சு. எச்பிவி என்பது கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ், அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த டெஸ்ட். 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருஷத்துக்கு ஒருமுறை எச்பிவி டெஸ்ட் என்பதுதான் அந்த வழிகாட்டுதல். எச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை.

ஆனாலும் வியாவை நான் ஏன் விட மாட்டேன் என்கிறேன் என்றால், நம்ம திண்டுக்கல். 2000-ல் தொடங்கி அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களை நர்ஸுகள் ஒரே ஒருமுறை வியா செய்து பார்த்தார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: கருப்பைவாய் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு, நம்ம ஊர் நர்ஸுகளின் கண்ணும் கையும். மும்பையில் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வியா செய்தபோது சாவு 31 சதவீதம் குறைந்தது.

மறுபக்கமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஒரே ஒரு எச்பிவி டெஸ்ட் சாவைப் பாதியாகக் குறைத்தது. அதே ஆய்வில் வியா செய்த குழுவில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஒரே முறை, ஓர் இடத்தில் பலன், இன்னோர் இடத்தில் இல்லை. வெளிச்சம், பயிற்சி, பார்க்கிறவரின் பொறுமை எல்லாவற்றையும் நம்பி நிற்கும் முறை இது. நல்ல நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் அந்த மையத்தின் பாசிட்டிவ் கணக்கே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எச்பிவி டெஸ்ட் வந்தாலும் கண்ணால் பார்ப்பது போகாது, இரண்டாவது இடத்துக்கு நகரும். யாருக்குக் கவனம் தேவை என்பதை எச்பிவி சொல்லும். மாற்றம் எங்கே, எவ்வளவு பரவியிருக்கிறது, கருப்பைவாயின் உள்கால்வாய்க்குள் போயிருக்கிறதா, சூட்டுச் சிகிச்சை போதுமா, லீப் முறையில் மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுக்க வேண்டுமா என்பதை ஆசிட் தடவிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

டிசம்பர் 8

மலையைப் பற்றிக் கேட்டவர்களுக்காக.

காபிப் பழம் பறிக்கும் பருவம் இது. ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களை இந்த மாசங்களில் பகலில் பிடிக்க முடியாது. பழத்தை எடை போட்டு, கணக்கு எழுதி முடித்த பிறகுதான் வருவார்கள், மூன்றரை நாலு மணிக்கு மேல். அந்த நேரத்துக்குப் பனி இறங்கிவிடும், கரண்டும் நிச்சயமில்லை. அதனால் தலையில் மாட்டும் டார்ச்சும் மாற்று பேட்டரியும் இல்லாமல் நாங்கள் போனதே இல்லை. வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் வெண்மை தெரியாது. வெள்ளை வெளிச்சம்தான் வேண்டும்.

ஒரு கேம்பில் பழக்கறை படிந்த விரலோடு ஒரு பாட்டி வந்தார், மருமகளைக் கூட்டிக்கொண்டு. “இவளைப் பாருங்க சிஸ்டர், எனக்கு வேண்டாம், எனக்கெல்லாம் நின்னு போச்சு” என்றார். மருமகள் முடித்து எழுந்ததும் “வலிக்கல அத்தை, நீங்களும் படுங்க” என்று அவரை உட்கார வைத்துவிட்டது. பத்து நிமிஷம் நான் பேசியதைவிட அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பலன்.

கஷ்டம் எங்கே என்றால், வெள்ளை தெரிந்தவர்களிடம் “சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் கால்போஸ்கோப்பி பண்ணிக்கங்க” என்று சீட்டு எழுதிக் கொடுப்போம். நாகலூர் பக்கமிருந்தோ வாழவந்தி பக்கமிருந்தோ சேலம் வர ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு ஓர் ஆளின் கூலியையும் விட்டு வர வேண்டும். சதை டெஸ்ட் ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள். சிகிச்சைக்கு மூன்றாவது நாள். மூன்றாவது தடவை வராதவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் பார்த்த இடத்திலேயே சிகிச்சை என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். தெர்மல் அப்லேஷன் (சூட்டுச் சிகிச்சை) கருவி கைப்பையில் அடங்கும், பேட்டரியில் ஓடும். சுமார் 100 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷத்துக்குள் வேலை முடியும். உறையவைத்து அழிக்கும் பழைய கிரையோ முறைக்கு கேஸ் சிலிண்டரை மலைமேல் ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் எல்லோருக்கும் சூடு வைத்துவிட முடியாது. மாற்றம் முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உள்கால்வாய்க்குள் போயிருக்கக் கூடாது, புற்றுநோய் என்ற சந்தேகமே இருக்கக் கூடாது. இங்கேதான் நல்ல படம் உதவும். மலைமேல் நர்ஸ் எடுத்த படத்தை அந்த நிமிஷமே கீழே டாக்டர் பார்த்து ‘செய்யலாம்’ அல்லது ‘அனுப்புங்கள்’ என்று சொன்னால், பாதிப் பேர் பஸ் ஏறவே வேண்டாம்.

டிசம்பர் 10

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019–21: 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. நாம் முன்னால் நிற்கிறோம் என்று எழுதி அனுப்பிய சகோதரருக்கு: பத்தில் ஒன்பது பேர் செய்யவில்லை என்றும் அதே எண் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எழுபது சதவீதம் கேட்கிறது.

டிசம்பர் 21

“அம்மாவுக்கு 58. வியா பண்ணிட்டு நார்மல்னு சொல்லிட்டாங்க. நிம்மதியா இருக்கலாமா?”

முழு நிம்மதி வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு, இரண்டு தோலும் சந்திக்கும் கோடு கால்வாய்க்குள் ஏறிவிடும். நாம் பார்க்க வேண்டிய இடமே கண்ணுக்குத் தெரியாது. எனவே ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வியா பொருத்தமான டெஸ்ட் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அம்மாவுக்கு எச்பிவி டெஸ்ட் அல்லது பாப் ஸ்மியர் (கருப்பைவாய் செல்களை வழித்தெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) கேளுங்கள். எச்பிவிக்கு மாதிரியை அவரே மறைவாகப் போய்க் குச்சியால் எடுத்துத் தரலாம், யாரும் பார்க்கத் தேவையில்லை. அன்றைக்கு மலையில் வந்த பாட்டிக்கும் நான் பாப் ஸ்மியர்தான் எடுத்தேன்.

இதற்கிடையில் அம்மாவுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் ஸ்கிரீனிங் முறைக்காகக் காத்திருக்காமல் நேராக மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும்.

2025 ஜனவரி 6

‘கர்ப்பப்பை வாயில் புண்’ என்று சொல்லி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இதற்குக் கோபப்படாமல் பதில் எழுத முடியவில்லை.

பெரும்பாலும் அது புண்ணே இல்லை. கால்வாயின் உள்ளே இருக்கும் மென்மையான சிவப்புத் தோல் வெளிப்பக்கம் வந்திருக்கும். இளவயதில், கர்ப்ப காலத்தில், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது சகஜமாக வரும். பார்வைக்குச் சிவந்து தெரியும், தொட்டால் கொஞ்சம் கசியும். ஆசிட்டும் அயோடினும் தடவினால் ஐந்து நிமிஷத்தில் அடையாளம் தெரியும். அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்காமல் 32 வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்த தனியார் ஆஸ்பத்திரி ஒன்றை எனக்குத் தெரியும். அந்தப் பெண் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்தவர். ஆபரேஷன் கடனை அடைக்க அதே கொலுசுகளை இரவிலும் வீட்டுக்கு எடுத்துவந்து வேலை செய்தார். சதை டெஸ்ட் ரிப்போர்ட்டில் கடைசியில் இருந்தது வெறும் அழற்சி.

ஆபரேஷன் என்று சொன்னால் கேளுங்கள்: “வியா, பாப் ஸ்மியர் அல்லது எச்பிவி பார்த்தீங்களா? கால்போஸ்கோப்பி பார்த்தீங்களா? பயாப்சி ரிசல்ட் எங்கே?” உண்மையிலேயே முற்றிய மாற்றம் இருந்தாலும் பெரும்பாலும் அந்தப் பகுதியை மட்டும் சுட்டோ வெட்டியோ எடுத்தால் போதும். கர்ப்பப்பை தப்பிக்கும்.

செவ்வாய்பேட்டை சகோதரி, உங்கள் எதிர்வீட்டு அக்காவிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஜனவரி 17

எச்பிவி தடுப்பூசி பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு: செர்வாவேக் என்ற ஊசி 2023-லிருந்து இந்தியாவிலேயே தயாராகிக் கிடைக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். ஊசி போட்ட பெண்களும் 30 வயது வந்ததும் ஸ்கிரீனிங் செய்ய வேண்டும், ஏனென்றால் எல்லா வகை வைரஸுக்கும் அந்த ஊசி இல்லை.

பிப்ரவரி 2

செவ்வாய்பேட்டை சகோதரியிடமிருந்து தகவல். எச்பிவி பாசிட்டிவ், கால்போஸ்கோப்பியில் 12 மணிப் பக்கம் சின்ன வெண்மை, அன்றைக்கே தெர்மல் அப்லேஷன். ‘இப்ப தண்ணி தண்ணியாப் போகுது, பயமா இருக்கு’ என்கிறார்.

அது எதிர்பார்த்ததுதான். சூடு பட்ட தோல் உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை சில வாரம் நீராகப் போகும். சுத்தமான பேட் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே எதுவும் வைக்க வேண்டாம். 4 வாரம் தாம்பத்தியம் வேண்டாம், வீட்டுக்காரரிடம் இதை நர்ஸ் சொன்னதாகவே சொல்லுங்கள். காய்ச்சல், துர்நாற்றம், அடிவயிற்று வலி, கட்டி கட்டியாக ரத்தம் என்று எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

12 மாதம் கழித்து மறுபடி எச்பிவி டெஸ்ட். சீட்டில் தேதி போட்டிருப்பார்கள், அதை போனிலும் குறித்து வையுங்கள். அப்போதும் யாராவது ஸ்கேன் எடுத்தால் போதும் என்றால் எடுக்காதீர்கள்.